1991-இல் பெருவில் தொடங்கிய காலரா: குளோரின் பயம்தான் காரணமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-இல் பெரு நாட்டில் தொடங்கிய காலரா தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா எங்கும் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. குளோரின் கலந்த தண்ணீரால் புற்றுநோய் வரும் என்று அமெரிக்காவில் கிளம்பிய பயத்தைக் கேட்டு, பெரு அதிகாரிகள் குடிநீரில் குளோரின் போடுவதை நிறுத்தியதுதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையா? நோய் எப்படி அவ்வளவு வேகமாகக் கண்டம் முழுக்கப் போனது? நாடுகள் என்ன செய்தன?

குளோரின் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மொத்தப் பழியையும் அதன் தலையில் போடுவது சரியில்லை. பெருவின் பல ஊர்களில் நிறுத்துவதற்கு முதலில் குளோரின் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கவே இல்லை. ஓட்டைக் குழாய், பக்கத்திலேயே ஓடிய சாக்கடை, வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்த டிரம், இந்த மூன்றும்தான் காலராவுக்கு வழிவிட்டன. குடிநீர்ப் பரிசோதனை வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அதனால் தண்ணீர்ப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1991 ஜனவரி கடைசியில், லிமாவுக்கு வடக்கே உள்ள சான்காய் என்ற கடலோர ஊரிலும், அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள சிம்போத்தே என்ற மீன்பிடித் துறைமுகத்திலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கடும் வயிற்றுப்போக்குடன் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு அங்கே அன்றாடம் பார்ப்பதுதான். இங்கே வந்தவர்கள் திடகாத்திரமான பெரியவர்கள். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி கிடைக்காமல் கிடந்தார். கழிந்தது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. பாடப் புத்தகத்தில் மட்டும் காலராவைப் படித்திருந்த மருத்துவர்கள் அவர்கள். தென் அமெரிக்காவில் ஏறக்குறைய நூறு வருடமாகக் காலரா தொற்று பரவியதில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் கிருமி உறுதியானது.

அந்தக் கிருமி வந்த வழி நீளமானது. 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் கிளம்பிய ஏழாவது உலகத் தொற்று அது. எல் டோர் என்ற வகை. ஆசியாவைச் சுற்றிவிட்டு 1970-இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து அங்கேயே தங்கியது. அடுத்த இருபது வருடம் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப்பக்கம் அது பரவவில்லை. எல் டோர் வகையின் ஆபத்து அதன் சாதுத் தோற்றத்தில் இருக்கிறது. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியாது, அல்லது லேசாகப் பேதியாகி நின்றுவிடும். ஆனால் அவர்கள் மலத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கும். ஊருக்கு ஊர் கொண்டுபோவது அவர்கள்தான்.

பெருவுக்கு எப்படி வந்தது என்பதில் இரண்டு கருத்துகள் ஓடின. ஒன்று, சமநிலைக்காகக் கப்பல்கள் அடித்தட்டில் நிரப்பி வரும் தண்ணீரைத் துறைமுகத்தில் திறந்துவிட்டபோது கிருமி இறங்கியிருக்கும் என்பது. இன்னொன்று, கடல் வெப்பமாகி, அதில் மிதக்கும் மிகச் சிறிய உயிரிகளான நுண்மிதவைகள் பெருகியபோது அவற்றில் ஒட்டிக்கிடந்த கிருமியும் பெருகிக் கரையோர ஊர்களை ஒருசேரத் தாக்கியது என்பது. பல ஊர்களில் ஒரே சமயம் தோன்றியதால் இரண்டாவதை நம்பியவர்கள் அதிகம். பிற்பாடு மரபணு வரிசையை முழுதாகப் படித்துப் பார்த்தபோது, லத்தீன் அமெரிக்காவின் 1991 கிருமிக்கு நெருங்கிய உறவு ஆப்பிரிக்கக் கிருமிகளோடு என்று தெரிந்தது. ஆக, கடல் தாண்டி மனிதர்கள் கொண்டுவந்தது என்பதற்கே இன்று பலம் அதிகம். நுழைந்த பிறகு கடலின் சூடு எவ்வளவு உதவியது என்பது வேறு விஷயம். கோடைக்குக் கோடை நோய் தலைதூக்கியதில் அதற்குப் பங்கு இருந்தது.

கிருமி வந்து இறங்கிய நேரம் பெருவுக்குப் போதாத காலம். 1990-இல் அங்கே பணவீக்கம் 7,000 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், புதிதாக வந்த அதிபர் அல்பெர்த்தோ ஃபுஜிமோரி மானியங்களை ஒரே இரவில் வெட்டினார். மலைப்பகுதிகளில் 'ஒளிரும் பாதை' என்ற ஆயுதக் குழுவுக்கும் ராணுவத்துக்கும் நடந்த சண்டைக்குப் பயந்து வருடக்கணக்காக மக்கள் கடலோர நகரங்களுக்கு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். லிமா இருப்பது பாலைவனத்தில். மழை என்று சொல்லும்படி எதுவும் அங்கே பெய்வதில்லை. நகரைச் சுற்றிய மணல்மேடுகளில் கிடுகுத் தட்டியும் தகரமும் வைத்து எழுந்த குடியிருப்புகளுக்குக் குழாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. லாரித் தண்ணீர்தான். குழாய் இணைப்பு உள்ள வசதியானவர் கொடுக்கும் விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து அந்த ஏழைகள் வாங்கினார்கள். வாங்கிய தண்ணீரைப் பழைய ரசாயன டிரம்களில் ஊற்றி வாசலில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த டிரம்மைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வடக்குப் பெருவில் உள்ள ட்ருஹியோ நகரில், நோய் வந்தவர்களையும் வராத அக்கம்பக்கத்தாரையும் வைத்து 1991-இலேயே ஓர் ஆய்வு நடந்தது. கொதிக்க வைக்காத தண்ணீர் குடித்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு. கையை உள்ளே விட்டு மொள்ளும் பாத்திரத்தில் இருந்து தண்ணீர் குடித்தவர்களுக்குச் சுமார் 4 மடங்கு. விருந்து விழாக்களுக்குப் போனவர்களுக்கும் மூன்றரை மடங்கு போல. நகரின் குடிநீர் கிணறுகளில் இருந்து வந்தது. கிணற்று வாயில் எடுத்த தண்ணீரில் மலக்கிருமி குறைவு; வழியில் குழாயில் எடுத்ததில் அதைவிட அதிகம்; வீட்டு டிரம்மில் எடுத்ததில் எல்லாவற்றையும்விட அதிகம். தண்ணீர் பயணப்படப் பயணப்பட அழுக்கானது என்று அர்த்தம்.

குழாயில் எப்படிச் சேர்கிறது என்பது நம் ஊரில் குடிநீர் வாரியத்தில் வேலை செய்யும் எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வார். நாள் முழுக்க அழுத்தத்தோடு தண்ணீர் ஓடினால் குழாயில் சின்ன விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் விட்டு நிறுத்தினால், நின்ற பிறகு குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். அப்போது வெளியில் தேங்கிய சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே போகும். மறுநாள் திறந்தவுடன் முதலில் வருவது அதுதான். திருட்டு இணைப்புகள், மோட்டார் வைத்து உறிஞ்சுவது எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெருவின் நகரங்களில் இவ்வளவும் இருந்தது.

இப்போது குளோரினுக்கு வருகிறேன். குளோரின் போடுவதன் முக்கியப் பயன் தொட்டியில் கிருமியைக் கொல்வதோடு முடிவதில்லை. கடைக்கோடி வீட்டுக் குழாய் வரை கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். வழியில் சாக்கடை கலந்தாலும் அந்த மிச்சம் அதைக் கவனித்துக்கொள்ளும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் கடைசிக் குழாயில் இருக்கிறதா என்றுதான் நம் சுகாதார ஆய்வாளர்கள் குளோராஸ்கோப்பை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பார்க்கிறார்கள். ஒரு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை என்றால் அந்தத் தெருவுக்குப் பாதுகாப்பு இல்லை. எல் டோர் கிருமி குளோரினுக்கு எளிதில் சாகக்கூடியது. ட்ருஹியோவில் அந்த மஞ்சள் நிறம் வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அந்த நகரின் குடிநீருக்கு அப்போது குளோரின் போடப்படவில்லை.

ஏன் போடவில்லை என்பதில்தான் அந்தப் பேச்சு பிறக்கிறது. 1970-களில், குளோரின் தண்ணீரில் உள்ள இலைதழைச் சத்தோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற சேர்மங்களை உண்டாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். டிரைஹாலோமீத்தேன் என்று அவற்றுக்குப் பெயர். நீண்ட காலம் அதிக அளவில் உள்ளே போனால் புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகம் எழுந்தது. 1979-இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை அவற்றுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. குளோரினை நிறுத்து என்று அது எங்கேயும் சொல்லவில்லை; இந்தச் சேர்மங்களைக் கட்டுக்குள் வை என்றுதான் சொன்னது. பெருவில் சில நீர்வழங்கல் அதிகாரிகள், குளோரின் போடாததற்குக் காரணம் கேட்டபோது இந்தப் புற்றுநோய்ச் சந்தேகத்தைச் சொன்னார்கள். அதுவரை உண்மை.

அந்தச் செய்தி 1991-இல் ஓர் அறிவியல் இதழில் வந்தது. அதற்குப் பிறகு, சூழலியல் அமைப்புகளைக் குற்றம் சொல்ல நினைத்தவர்களும் குளோரின் தொழில்துறையைச் சேர்ந்தவர்களும் அதை எடுத்துக்கொண்டு, குளோரின் பயம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது என்று பேசினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்து மறுத்தார்கள். லிமாவின் முக்கியச் சுத்திகரிப்பு நிலையத்தில் ரிமாக் ஆற்றுத் தண்ணீருக்குக் குளோரின் போடுவது நிற்கவில்லை. மற்ற ஊர்களில் பணம் இல்லை, கருவி பழுது, குளோரின் சிலிண்டர் வாங்க வழி இல்லை, ஆள் இல்லை. கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அதற்கு எதற்குக் குளோரின் என்ற எண்ணமும் பரவலாக இருந்தது. நான் கவனித்த வரையில், அதிகாரிகள் சொன்ன புற்றுநோய்க் காரணம் பெரும்பாலும் கையாலாகாத நிலைக்குக் கிடைத்த ஒரு மரியாதையான சாக்கு. அதிலும் ட்ருஹியோ போன்ற கிணற்று நீர் ஊர்களில் அந்தச் சாக்கு நிற்கவே நிற்காது. டிரைஹாலோமீத்தேன் உண்டாக இலைதழைச் சத்து வேண்டும். ஆழ்கிணற்றுத் தண்ணீரில் அது பொதுவாக மிகக் குறைவு. 1991-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையே குளோரின் கலந்த குடிநீரை, புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாத பிரிவில்தான் வைத்தது.

ஆக, குளோரின் இல்லாதது காலரா பரவியதற்குப் பெரிய காரணம். குளோரின் பற்றிய பயம் அதில் சிறு காரணம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் அரசாங்கங்கள் பத்திருபது வருடமாகக் குழாய்க்குப் பணம் ஒதுக்காதது மறைந்துபோகிறது. எனக்கு அதில்தான் வருத்தம்.

கண்டம் முழுக்க எப்படிப் போனது என்பதைப் பார்ப்போம். பெருவின் கடற்கரையை நிரப்பிய வேகத்தில் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் எக்குவடோரின் தெற்குக் கடலோரத்துக்குப் போனது. மார்ச்சிலேயே கொலம்பியாவின் பசிபிக் கரை. ஏப்ரலில் சிலி. அதே ஏப்ரலில் ஆண்டிஸ் மலையைத் தாண்டி, அமேசான் ஆற்றோடு இறங்கிப் பிரேசிலின் மேற்கு எல்லையில் தலைகாட்டியது. ஆற்றுப் படகுகள்தான் அங்கே பேருந்து. படகின் கழிவும் ஆற்றிலே, குடிக்க மொள்வதும் ஆற்றிலே. ஜூனில் மெக்சிகோ, அங்கே முதலில் தெரிந்தது கடலோரத்தில் அல்ல, உள்நாட்டு மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில். ஜூலையில் குவாத்தமாலா, ஆகஸ்டில் பொலிவியா, அப்புறம் மத்திய அமெரிக்க நாடுகள் வரிசையாக. 1992 பிப்ரவரியில் அர்ஜென்டினா. உருகுவே தப்பித்தது, கரீபியன் தீவுகளும் அப்போதைக்குத் தப்பித்தன.

1991-இல் மட்டும் அமெரிக்கக் கண்டத்தில் பதிவானவை ஏறக்குறைய 3 லட்சத்து 91 ஆயிரம் நோயாளிகள், 4,000 மரணங்கள். அதில் 3 லட்சத்து 22 ஆயிரம் பேரும், சுமார் 2,900 மரணங்களும் பெருவில்.

எல்லைகளை மூடியது நோயை நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பல நாடுகள் பெருவின் மீனையும் காய்கனிகளையும் வாங்க மறுத்தன. அதனால் பெருவுக்குப் பல நூறு மில்லியன் டாலர் நட்டம் வந்தது, நோய் நிற்கவில்லை. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமந்தால் எந்தச் சோதனைச் சாவடியில் அவர்களைப் பிடிப்பது? 1992 பிப்ரவரியில் பியூனஸ் அயர்ஸில் இருந்து லிமா வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் போன ஒரு விமானத்தில் 75 பயணிகளுக்குக் காலரா வந்தது, ஒருவர் இறந்தார். லிமாவில் ஏற்றிய கடலுணவு சாலட்டின் மேல் சந்தேகம் விழுந்தது.

மீன் விஷயத்தில் பெருவுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து உண்ணும் செவிச்சே அந்நாட்டின் உயிர்ப்பான உணவு. சுகாதார அமைச்சர் கார்லோஸ் விதால் பச்சை மீன் சாப்பிட வேண்டாம் என்று மக்களை எச்சரித்தார். மீனவர் வருமானம் படுத்துவிட்டது. அதிபர் ஃபுஜிமோரி கேமராக்களுக்கு முன்னால் பச்சை மீனை உண்டு காட்டினார். மார்ச்சில் விதால் பதவி விலகினார். மீனவர்களின் வயிற்றுப்பாட்டை அதிபர் நினைத்தது தப்பில்லை. ஆனால் நோய் உச்சத்தில் இருக்கும்போது அரசே இரண்டு குரலில் பேசினால் சனங்கள் எதைக் கேட்பார்கள்? ஆய்வுகளைப் பார்த்தால் பெருவின் பெரும்பகுதி நோய்க்கு மீன் முக்கிய வழி இல்லை, தண்ணீர்தான். எக்குவடோரின் குவாயாகில் நகரில் மட்டும் பச்சைக் கடலுணவும் நண்டும் சேர்ந்து காரணமாயின. அமேசான் கரையில் உள்ள இக்கித்தோஸில் தொரோன்ஹா என்ற புளிப்புப் பழச்சாறு குடித்தவர்களுக்கு நோய் குறைவாக வந்தது. புளிப்பில் இந்தக் கிருமி பிழைக்காது. அந்த மக்கள் எந்த அறிவுரையும் இல்லாமலேயே காலம்காலமாகக் குடித்துவந்த சாறு அது.

உடல்வாகும் ஒரு காரணம். ஓ ரத்த வகை உள்ளவர்களுக்கு எல் டோர் காலரா தொற்றினால் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். பெரு மக்களில் பெரும்பான்மையோர் ஓ வகை. இதைப் பலர் குறிப்பிடுவதில்லை.

இனி, நடந்தவற்றுள் நான் மிகவும் மதிக்கும் பகுதி. அதே 1991-இல் ஆப்பிரிக்காவில் பதிவான நோயாளிகள் சுமார் ஒன்றரை லட்சம்; இறந்தவர்கள் ஏறக்குறைய 14 ஆயிரம். நூற்றுக்கு ஒன்பது பேர். பெருவில் நோயாளிகள் அதைப்போல இரண்டு மடங்கு, மரணம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. காலராவையே பார்த்திராத, பணமில்லாத ஒரு நாட்டில் இது எப்படி முடிந்தது?

உப்பு சர்க்கரைக் கரைசலால். ஓ.ஆர்.எஸ். பொட்டலம். கடும் காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரை நீர் போகலாம். கொல்வது அந்த நீரிழப்புதான். குடல் வெறும் உப்புநீரை உறிஞ்சாத நிலையிலும் குளுக்கோஸ் சேர்ந்தால் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை வைத்து 1960-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இந்தக் கரைசலை உருவாக்கினார்கள். 1971-இல் வங்கப் போர் அகதிகள் குவிந்த பொங்காவ் முகாமில், சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் இதை டிரம் டிரம்மாகக் கரைத்து வைத்து உறவினர்களையே குடிப்பாட்டச் சொன்னார். மூன்றில் ஒருவர் என்ற அளவில் இருந்த சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்த வங்காளத்து அறிவுதான் இருபது வருடம் கழித்துப் பெருவுக்குப் போய் உதவியது.

பெருவுக்கு அது அன்று புதிதாக வந்து இறங்கவில்லை என்பதுதான் முக்கியம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்காக 1980-களிலேயே அங்கே ஓ.ஆர்.எஸ். திட்டம் நடந்து, நர்சுகளுக்கும் ஊர்த் தாய்மாருக்கும் பழகியிருந்தது. காலரா வந்தபோது அதையே பெரியவர்களுக்கும் விரித்தார்கள். ஊருக்குள் யாராவது ஒருவர் வீட்டிலேயே கரைசல் மையம் வைத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் நடுவில் ஓட்டை போட்ட கட்டில்கள், அடியில் அளவுக்கோடு போட்ட வாளி. எவ்வளவு போனது என்று வாளியைப் பார்த்து, அவ்வளவு உள்ளே கொடுக்க வேண்டும். நாடி கிடைக்காதவர்களுக்கு முதல் சில மணி நேரம் நரம்பில் ரிங்கர் லாக்டேட் என்ற சலைன், எழுந்து உட்கார்ந்ததும் குவளையில் கரைசல். லிமாவின் கயெத்தானோ ஹெரேதியா ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் வராந்தா வரை நோயாளிகள் நிறைந்திருந்தும் சாவைப் பிடித்து நிறுத்தினார்கள். அதிகம் இறந்தவர்கள் மலையிலும் அமேசான் காட்டுக்குள்ளும் இருந்தவர்கள். சுகாதார நிலையம் போய்ச் சேர ஒருநாள் படகுப் பயணம் என்றால், காலராவில் அந்த ஒரு நாள் கிடைக்காது. அங்கே சாவு விகிதம் நகரங்களைவிடப் பல மடங்கு.

செய்து பயனில்லாமல் போனவற்றையும் சொல்ல வேண்டும். ஊருக்கே ஆண்டிபயாட்டிக் மாத்திரை கொடுப்பது சில இடங்களில் நடந்தது. கிருமிக்கு மருந்து எதிர்ப்பு வளர்ந்ததுதான் மிச்சம். அப்போதிருந்த தடுப்பூசி பாதிப் பேருக்குச் சில மாதம் மட்டும் பாதுகாப்புத் தந்தது, ஆகவே உலக சுகாதார அமைப்பு அதைப் பரிந்துரைக்கவில்லை. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்ற அறிவுரை சரியானதுதான், ஆனால் மண்ணெண்ணெய் வாங்கவே காசில்லாதவரிடம் அதைச் சொல்வதில் எவ்வளவு பயன்?

நாடுகளில் சிலியைத்தான் உதாரணமாகக் காட்டுவேன். சாந்தியாகோ நகரின் சாக்கடை அப்படியே சுற்றுவட்டாரக் காய்கறி வயல்களுக்குப் பாய்ந்தது. அந்த லெட்யூஸையும் முட்டைக்கோஸையும் பச்சையாகத் தின்று நகரத்தில் டைஃபாய்டு பல்லாண்டுகளாக நிலைத்திருந்தது. அது தெரிந்தும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. காலரா வந்தது, பழம் காய்கறி ஏற்றுமதி போய்விடும் என்ற பயமும் வந்தது. 1991-இலேயே சாக்கடை பாய்ச்சிப் பச்சையாகத் தின்னும் காய்கறி வளர்ப்பதற்குத் தடை, உணவகங்களில் சமைக்காத காய்கறி பரிமாறத் தடை, வயல்களை அழித்தும் காட்டினார்கள். அந்த ஆண்டு சிலியில் காலரா 41 பேருக்கு மட்டுமே வந்தது. டைஃபாய்டும் சரசரவென்று இறங்கி மறுபடி ஏறவில்லை. பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பத்து வருடம் கழித்துத்தான் வந்தன. அதுவரை அந்தத் தடைதான் காத்தது. சிலியில் பெரும்பாலான நகர வீடுகளுக்குக் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருவுக்கு அந்த அடித்தளம் இல்லை. மெக்சிகோவும் 1991-இல் சுத்தத் தண்ணீர்த் திட்டம் ஒன்றைத் தொடங்கி, நகராட்சிகளின் குடிநீருக்குக் குளோரின் போடுவதை வேகமாக விரித்தது. அதன்பின் அங்கே குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பது நன்றாகக் குறைந்தது.

மொத்தக் கண்டத்துக்கும் குடிநீர், கழிவுநீர் வசதி செய்ய 12 ஆண்டுகளில் சுமார் 20,000 கோடி டாலர் வேண்டும் என்று அமெரிக்க நாடுகளின் சுகாதார அமைப்பு அப்போது கணக்குப் போட்டது. அவ்வளவும் வரவில்லை. பெருவில் 1992-இல் மறுபடி 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது, பிறகு குறைந்தது. 1998-இல் எல் நினோ வெள்ளத்தோடு 40 ஆயிரத்துக்கு மேல் எகிறி, 2000-களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவை விட்டுப் போனது. கரீபியன் தீவுகளுக்கு 2010 அக்டோபரில்தான் வந்தது: ஹைத்தியில், ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால். அங்கே ஏறக்குறைய 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். (நம் ஊருக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. லத்தீன் அமெரிக்கா எல் டோருடன் போராடிக்கொண்டிருந்த 1992 கடைசியில், ஓ139 என்ற புதுக் காலரா வகை முதன்முதலில் தெரியவந்தது சென்னையில்தான்.)

பெருவின் அனுபவத்தில் இருந்து வந்த ஒரு சின்னச் சாதனம் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. கை நுழையாத குறுகிய வாய், அடியில் குழாய் வைத்த 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன், கூடவே வீட்டிலேயே போடும் குளோரின் கரைசல் ஒரு மூடி அளவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்காரர்களும் அமெரிக்க நாடுகளின் சுகாதார அமைப்பும் சேர்ந்து இதை உருவாக்கி, 1990-களில் பொலிவியாவின் ஏழைக் குடியிருப்புகளில் சோதித்தார்கள். வயிற்றுப்போக்கு கணிசமாகக் குறைந்தது. உங்கள் பகுதியில் லாரித் தண்ணீர் பிடித்து டிரம்மில் வைப்பவர்கள் இருந்தால், நகராட்சி வரும்வரை காத்திராமல் நாளைக்கே செய்யக்கூடியது இது: டிரம்முக்கு மூடி, அடியில் ஒரு குழாய், மொள்ள உள்ளே கை விடாமல் இருப்பது.